கெர்ஷ்வினைத் திருத்தாமல் வாசிப்பது

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் நல்ல மெட்டுக்காரர், ஆனால் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதத் தெரியாதவர் என்கிறார்களே, அப்படியிருக்க, ஆர்கெஸ்ட்ராவைக் கையசைத்து நடத்தும் பெரிய பெரிய கண்டக்டர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது ஏன், 38 வயதில் போய்விட்டாரே என்ற அனுதாபமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுதாபம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அனுதாபத்துக்காக யாரும் ஒரு ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியத்துக்குமான இசைக்குறிப்பை, தொண்ணூறு, நூறு வருடம் சுமக்க மாட்டார்கள். நான் கண்டக்டர் இல்லை. வயலினுக்கு அண்ணன் மாதிரியான வயோலா வாசித்தவன், கண்டக்டர் திட்டும்போது முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கூட்டம். அங்கிருந்து பார்த்ததையும், பல வருடம் ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு ரெக்கார்டுகள் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். கண்டக்டர்கள் கெர்ஷ்வினை மதிக்கக் கற்றுக்கொண்டதே தாமதமாகத்தான். முதல் ஐம்பது வருடம் பாசமாக இருந்தார்கள், கூடவே கையில் சிவப்புப் பேனாவும் வைத்திருந்தார்கள்.

'எழுதத் தெரியாதவர்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1924 ஜனவரி தொடக்கத்தில் ஒரு நாள், அண்ணன் ஐரா கெர்ஷ்வின் பேப்பரில் ஒரு செய்தியைப் பார்க்கிறார். பேண்ட் தலைவர் பால் வைட்மன் நடத்தப்போகும் கச்சேரிக்காக ஜார்ஜ் கெர்ஷ்வின் ஒரு ஜாஸ் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அதில் போட்டிருக்கிறது. ஜார்ஜ் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. கச்சேரி பிப்ரவரி 12, நியூயார்க் ஏயோலியன் ஹாலில். ஆறு வாரம்கூடக் கையில் இல்லை. பாஸ்டனுக்குப் போகிற ரயிலின் தடதடப்பில்தான் முழு வடிவமும் தனக்குப் பிடிபட்டது என்று பிற்பாடு அவரே சொன்னார். பியானோவுக்கு எழுதி எழுதித் தர, வைட்மன் குழுவின் ஆஸ்தான அரேஞ்சர் ஃபெர்டே க்ரோஃபே வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். 'ராப்சடி இன் ப்ளூ' பிறந்த கதை இதுதான். அவசரத்தில், இன்னொருவர் உதவியோடு. அந்த ஒரு தடவைக்கு வந்த பெயர் கடைசிவரை போகவில்லை.

அடுத்த வருடமே வால்டர் டாம்ராஷ் என்ற கண்டக்டர், நியூயார்க் சிம்ஃபனி சொசைட்டிக்காகப் பியானோ கான்செர்ட்டோ ஒன்று கேட்டார். கெர்ஷ்வினைச் சிம்ஃபனி மேடைக்கு அழைத்த முதல் ஆள் அவர்தான். இந்தத் தடவை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கெர்ஷ்வினே எழுதினார். எழுதி முடித்ததும் தன் செலவில் ஒரு ஆர்கெஸ்ட்ராவை வாடகைக்கு எடுத்து, ஒரு தியேட்டரில் நண்பர் பில் டேலியைக் கண்டக்ட் செய்யச் சொல்லி, தான் எழுதியது எப்படிக் கேட்கிறது என்று சோதித்துப் பார்த்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிற ஆள். 1925 டிசம்பர் 3-ல் கார்னகி ஹாலில் 'கான்செர்ட்டோ இன் எஃப்' அரங்கேறியபோது பியானோவில் அவரே உட்கார்ந்தார். அப்புறமும் சும்மா விடவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ஆலன் லாங்லி என்பவர், இதையெல்லாம் கெர்ஷ்வின் எழுதவில்லை, டேலி எழுதிக் கொடுத்தது என்று ஒரு பத்திரிகையில் கிளப்பினார். நியூயார்க் டைம்ஸில் டேலியே அதை மறுத்து எழுத வேண்டியதாயிற்று. அந்த லாங்லி ஒரு வயோலாக்காரர். எங்கள் இனத்தின் சார்பில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கான்செர்ட்டோவில் ஒரு கண்டக்டருக்கு என்ன வேலை என்று பாருங்கள். முதல் பகுதியில் சார்ல்ஸ்டன் நடனத்தின் தாளம் வருகிறது. எட்டு எண்ணிக்கை; அடி விழுவது ஒன்றிலும் நாலிலும் மட்டும். நம் பாஷையில் சொன்னால் 'தகிட ததிகிணதொம்', மூன்றும் ஐந்தும். ஆனால் கண்டக்டரின் கை விழுவது ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில். அதாவது இரண்டாவது அடி, கை விழாத இடத்தில் விழுகிறது. வாசிப்பவன் கையைப் பார்த்தே வாசித்தால் எப்போதும் ஒரு நூல் பின்னால் இருப்பான். கையைப் பார்க்காமல் உள்ளே எண்ணிக்கொண்டு வாசித்தால் சரியாக விழும். நல்ல கண்டக்டர் இந்த இடத்தில் கையைச் சின்னதாக்கிக்கொள்வார். கெட்டிக்காரத்தனம் காட்டுகிறவர் அந்த நாலாவது எண்ணிக்கையையும் கையால் குத்திக் காட்டுவார். உடனே ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் போலீஸ் பேண்ட் மாதிரி ஆகிவிடும். காகிதத்தில் மூன்றாம் வகுப்புக் கணக்குப் போலத் தெரிகிற ஒன்று, நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது எப்படி ஆளைக் கவிழ்க்கும் என்பது ரிகர்சலில் உட்கார்ந்தால்தான் புரியும்.

இரண்டாம் பகுதி வேறு உலகம். இரவு நேரத்து ப்ளூஸ். ட்ரம்பெட் தனியாகப் பாடும், அடியில் மூன்று கிளாரினெட். அந்த ட்ரம்பெட்டின் வாயை வழக்கமான மியூட் கொண்டு அடைக்காமல், ஃபெல்ட் தொப்பியின் மேல்பாகத்தை வைத்து மூடச் சொல்லி ஸ்கோரிலேயே எழுதியிருக்கிறார். தொப்பி! கிளப்பில் ஜாஸ்காரர்கள் செய்வதைப் பார்த்தவர். உலோக மியூட் போட்டால் சத்தம் கூர்மையாக, கொஞ்சம் கோபமாக வரும். தொப்பி வைத்தால் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல வரும். வாத்தியம் பிரிக்கத் தெரியாதவர் இந்த வித்தியாசத்தை எழுதியிருக்க முடியாது.

ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. இந்தச் சார்ல்ஸ்டன் தாளத்தை ஊரெல்லாம் ஆட வைத்த 1923-ம் வருடத்துப் பாட்டு, ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற கறுப்பினப் பியானோக்காரர் போட்டது. கெர்ஷ்வினுக்கு அவரை நேரில் தெரியும். ஹார்லெமில் அவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கை இது. ஜான்சனும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார், ஆனால் அவருக்கு ஒரு டாம்ராஷ் கிடைக்கவில்லை. கெர்ஷ்வினைப் பாராட்டும்போது இதையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

சரி, கண்டக்டர்களுக்கு வருவோம். இவர்களில் கெர்ஷ்வின் மேல் அதிகப் பாசம் வைத்தவர், அதே அளவு வம்பும் செய்தவர், லெனார்ட் பெர்ன்ஸ்டைன். கெர்ஷ்வின் இறந்த செய்தி வந்தபோது பெர்ன்ஸ்டைனுக்கு 18 வயது. கோடைக்கால முகாம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் பியானோவில் ஒரு சுரக்கட்டைத் தட்டி எல்லாரையும் அமைதியாக்கி, செய்தியைச் சொல்லி, கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கெர்ஷ்வின் பியானோவுக்கு எழுதிய குட்டிப் படைப்புகளில் ஒன்றான இரண்டாவது ப்ரெலூடை வாசித்தாராம். இதே ஆள் 1955-ல் எழுதிய கட்டுரையில், 'ராப்சடி'யை ஒரு முழுப் படைப்பு என்றே சொல்ல முடியாது, தனித்தனிப் பத்திகளை மாவுப் பசை தடவி ஒட்டியதுதான், நடுவில் எதை வெட்டினாலும் அது பாட்டுக்கு ஓடும் என்கிறார். மெட்டுகள் மட்டும் தெய்வம் கொடுத்தவை என்றும் சொல்கிறார்.

பெர்ன்ஸ்டைன் சொன்னது தப்பில்லை. வெட்டலாம், பலரும் வெட்டித்தான் வாசித்தார்கள். ஆனால் 1959-ல் அவரே பியானோ வாசித்துக்கொண்டே கண்டக்ட் செய்த ரெக்கார்டைக் கேளுங்கள். பசை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஒரு பத்தி முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் அவர் அவசரப்படுவதில்லை. பேசிக்கொண்டிருக்கும் ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா" என்று தொடர்வது போலத் தொடர்கிறார். காதலோடு குறை சொல்கிறவர் அந்தக் குறையை மேடையில் தானே சுமந்து சரிக்கட்டுகிறார். என் கணக்கில் கட்டுரையைவிட இந்த ரெக்கார்டுதான் அவருடைய உண்மையான கருத்து. அவருடைய வேகம் மட்டும் எனக்கு ஒத்துவராது. அந்தப் பெரிய காதல் மெட்டைத் தேனில் ஊறப் போட்டுவிடுகிறார்.

வேகம் பற்றிய சண்டை புதிதில்லை. 1927-ல் 'ராப்சடி'யை மறுபடி ரெக்கார்டு செய்ய உட்கார்ந்தபோது, கெர்ஷ்வினுக்கும் வைட்மனுக்கும் ஸ்டுடியோவிலேயே தகராறு. கோபித்துக்கொண்டு வைட்மன் ஒதுங்க, ரெக்கார்டு கம்பெனியின் நதானியேல் ஷில்க்ரெட் கண்டக்ட் செய்தார். லேபிளில் வைட்மன் பெயர்தான் இருந்தது. கெர்ஷ்வின் கை வேகமான கை. மெட்டைக் கட்டிக்கொண்டு அழாத கை. 1942-ல் க்ரோஃபே முழு சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதிய வடிவம் பரவியபிறகு இது மறந்தே போனது. ஐம்பது அறுபது தந்தி வாத்தியங்கள் சேர்ந்தால் இசை கனத்துப்போகும். கனத்தால் வேகம் குறையும். குறைந்தால் கண்ணீர் தானாக வரும். அதே 1942-ல் 75 வயது டாஸ்கனினி, உலகப் புகழ் பெற்ற கண்டக்டர், கிளாரினெட்டில் பென்னி குட்மன், பியானோவில் ஏர்ல் வைல்ட் என்று பெரிய ஆட்களை வைத்து ரேடியோவில் 'ராப்சடி'யை நடத்தினார். மரியாதை தெரிகிறது. கோட்டு சூட்டோடு கடற்கரையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிற மாதிரியும் இருக்கிறது.

'ராப்சடி'யின் தொடக்கத்தில் கிளாரினெட் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகுமே, அதைச் சொல்லாமல் விட்டால் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். கெர்ஷ்வின் எழுதியது ஒரு ட்ரில்லும் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது), 17 சுரங்கள் கொண்ட ஓட்டமும்தான், படிப்படியாக ஏறுவது. ரிகர்சலில் ராஸ் கார்மன் என்ற வாத்தியக்காரர் விளையாட்டுக்கு அதை ஒரே இழுப்பாக, நம்முடைய ஜாரு போல, இழுத்துவிட்டார். கெர்ஷ்வின் சிரித்துவிட்டு, இப்படியே வாசி, இன்னும் அழவிட்டு வாசி என்றார். பியானோவில் வாசிக்கவே முடியாத ஒன்று அது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் தொங்குகிற ப்ளூ நோட்டும் அப்படித்தான், கட்டைகளுக்கு இடையில் இருப்பது. பியானோவிலேயே யோசிக்கிறவர் பியானோவில் இல்லாத சுரத்தைத் தேடி ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்தார் என்று எனக்குத் தோன்றும். அந்த இழுப்பின்போது கண்டக்டர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா நிற்பது. பலரால் அது முடிவதில்லை.

இப்போது டாக்ஸி ஹாரன் கதை. 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்' 1928 டிசம்பர் 13-ல் கார்னகி ஹாலில் அரங்கேறியது, மறுபடியும் டாம்ராஷ். அதற்காகக் கெர்ஷ்வின் பாரிஸ் கடைகளில் தேடி அலைந்து, ரப்பர் பந்து வைத்த நிஜ டாக்ஸி ஹாரன்களை வாங்கி வந்தார். ஸ்கோரில் நான்கு ஹாரன்களுக்கும் ஏ, பி, சி, டி என்று வட்டத்துக்குள் எழுத்து போட்டிருக்கிறது. நம் ச, ரி, க, ம போல மேற்கத்திய இசையில் இவை சுரங்களின் பெயர்களும்கூட.

சென்னையில் நான் வாசித்த அமெச்சூர் குழு ஒன்றில் இதன் தொடக்கப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். முழுசாக வாசிக்க ஆளும் இல்லை, தைரியமும் இல்லை. ஹாரனுக்கு எங்கே போவது? தாளவாத்தியப் பையன் பழைய ஆட்டோக்களில் இருந்த பாம் பாம் ஹாரன்கள் நான்கை எங்கிருந்தோ புரட்டிக்கொண்டு வந்தான். ஒன்றுக்கு ரப்பர் கிழிந்து சைக்கிள் ட்யூப் பஞ்சர் ஒட்டியிருந்தது. எங்கள் கண்டக்டர் பியானோவில் ஏ-யைத் தட்டிவிட்டு, "இது ஏ-யா? இது பி-யா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பையனை வறுத்தெடுத்தார். ஒன்றுகூட எந்தச் சுரத்திலும் சேரவில்லை. கடைசியில் கீபோர்டில் ஹாரன் சத்தம் வைத்து, சுத்தமாக ஏ, பி, சி, டி வாசித்தோம். பையன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பல வருடம் கழித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மார்க் கிளேக் முதலானவர்கள் கெர்ஷ்வின் ஸ்கோர்களைச் சுத்தப் பதிப்பாகக் கொண்டுவரும் வேலையில், 2016 வாக்கில் இந்த எழுத்துகளைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அவை சுரங்களின் பெயரே அல்ல, முதல் ஹாரன், இரண்டாம் ஹாரன் என்பது போன்ற வெறும் அடையாளம் என்பது அவர்கள் வாதம். ஆதாரம், 1929-ல் ஷில்க்ரெட் கண்டக்ட் செய்த முதல் ரெக்கார்டு. கெர்ஷ்வின் ஸ்டுடியோவில் இருந்தார், செலஸ்டா என்ற, மணி போல ஒலிக்கும் சின்னக் கட்டை வாத்தியம்கூட வாசித்தார். அதில் கேட்கிற ஹாரன்கள் ஏ, பி, சி, டி-யில் இல்லை. இரண்டு ஹாரன்கள் அரைச்சுரம் தள்ளி, ஒன்று மேலே, இன்னொன்று நன்றாகக் கீழே, ஒன்றோடொன்று சேராமல் கத்துகின்றன. தெருவில் கேட்பது போல. இந்த வாதத்தை எல்லாரும் ஏற்கவில்லை. எனக்கு அந்த ரெக்கார்டு போதும். உலகத்தின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் எத்தனையோ வருடம் சுருதி சேர்த்த ஹாரன்களைப் பெட்டியில் பூட்டி வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. எங்கள் பையனின் பஞ்சர் ஹாரன்தான் கெர்ஷ்வினுக்குக் கிட்டத்தில் இருந்தது.

ஹாரனோடு முடிந்தால் பரவாயில்லை. அவர் இறந்தபிறகு பதிப்பகத்தில் ஃப்ராங்க் கேம்ப்பெல்-வாட்சன் என்பவர் ஸ்கோர்களில் கை வைத்தார். சாக்ஸஃபோன் பகுதிகளைச் சாதுவாக்கினார். 1932-ல் கூசெவிட்ஸ்கி என்ற கண்டக்டர் பாஸ்டனில் முதலில் நடத்திய 'செகண்ட் ராப்சடி'யை வேறொருவரை வைத்து மொத்தமாகவே திரும்ப எழுத வைத்தார்கள். நல்லெண்ணம்தான், சிம்ஃபனி மேடைக்கு ஏற்றபடி பிள்ளைக்குத் தலைவாரிப் பவுடர் போட்டு அனுப்பினார்கள். அப்படித் திருத்திய காகிதத்தைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை 'இவருக்கு எழுதத் தெரியவில்லையே' என்றது.

உண்மையில் அவர் கற்றுக்கொண்ட வேகம் பயமுறுத்தும். 1932-ல் எழுதிய 'க்யூபன் ஓவர்ச்சர்' ஸ்கோரில் பாங்கோ, க்ளாவஸ், சுரைக்காய்க் குடுவை, மராக்கஸ் நான்கையும் படம் போட்டுக் காட்டி, இவற்றைக் கண்டக்டருக்கு நேர் முன்னால் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். தாளக்காரர்கள் எப்போதும் கடைசி வரிசை. அவர்களை வயலின்காரர்களுக்கு முன்னால் உட்கார வைக்கச் சொல்கிறார். நம் கச்சேரி மேடையில் மிருதங்கம் முன்னால் இருப்பது நமக்குச் சாதாரணம். சிம்ஃபனி மேடையில் அது கிட்டத்தட்ட கலகம். சும்மா ஒரு காட்சிக்காகச் செய்வதில்லை. பின்வரிசையிலிருந்து வரும் தாளம், ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி வரும்போது ஒரு துளி பிந்திவிடும். முன்னால் வைத்தால் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு வாசிக்கலாம். இன்றைக்கும் பல கண்டக்டர்கள் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுப் பேசாமல் பின்வரிசையிலேயே வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் 'போர்கி அண்ட் பெஸ்'. 1934 கோடையில் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் ஃபாலி தீவில் போய்த் தங்கி, அங்கே வாழும் குல்லா என்ற கறுப்பின மக்களின் பாட்டையும் பிரார்த்தனையையும் கேட்டு எழுதிய ஆப்பரா. வாத்தியம் பிரிக்க மட்டுமே மாதக்கணக்கில் ஆனது, எல்லாம் அவர் கைப்பட. சூறாவளிக் காட்சியில் ஆறு பேர் ஆறு விதமான பிரார்த்தனையை ஒரே நேரத்தில், அவரவர் போக்கில் பாடுவார்கள். கண்டக்டர் யாரையும் இழுத்துப் பிடிக்கவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. 1935-ல் பாஸ்டன் ஒத்திகை மேடையிலேயே பெரிய பெரிய துண்டுகள் வெட்டப்பட்டன. நியூயார்க்கில் 124 காட்சிகளோடு நின்றது. போட்ட பணம் திரும்பவில்லை. வெட்டியதை ஒட்டி, ஆப்பராவாகவே முழுசாக மேடையில் பார்க்க ஜான் டிமெயின் கண்டக்ட் செய்த 1976 ஹூஸ்டன் தயாரிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 1986-ல் க்ளைண்ட்போர்னில் சைமன் ராட்டில் நடத்தினார், 2009-ல் க்ராட்ஸில் ஹார்னன்கூர்ட் நடத்தினார். ஹார்னன்கூர்ட் என்றால் பாக், மான்டெவெர்டி என்று பழைய ஸ்கோர்களின் மேல் படிந்த தூசியைத் தட்டுவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர். அவர் எண்பதை நெருங்கும் வயதில் கெர்ஷ்வினைக் கையில் எடுத்தார்.

இறப்பைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 1937 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் தன் கான்செர்ட்டோவை வாசிக்கும்போது சில நொடி கை தடுமாறியது. ரப்பர் கருகும் வாசனை வந்தது என்றார். நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், மூளையில் கட்டி. ஜூலை 11-ல் போய்விட்டார். ஸ்ட்ரிங் குவார்ட்டெட் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அப்படி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. 1924-ல் இருந்த இடத்துக்கும் 1935-ல் இருந்த இடத்துக்கும் உள்ள தூரமே போதும். செப்டம்பரில் ஹாலிவுட் பௌலில் நடந்த நினைவுக் கச்சேரியில் ஆட்டோ க்ளெம்பரர் அந்த இரண்டாவது ப்ரெலூடையே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி, சாவு ஊர்வலம் போல மெதுவாக நடத்தினார். ரெக்கார்டு இருக்கிறது. மாலரையும் பீத்தோவனையும் கையாண்ட மனிதர் ஒரு பாட்டுக்காரப் பையனுக்கு அவ்வளவு கனத்தைக் கொடுக்கிறார். அதுவும் ஒரு வகைத் திருத்தம்தான், ஆனால் அதை மன்னிக்கலாம்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், மைக்கேல் டில்சன் தாமஸின் 1976 'ராப்சடி'யிலிருந்து தொடங்குங்கள். அவர் தாத்தா போரிஸ் தாமஷெஃப்ஸ்கி நியூயார்க்கில் யூதர்களின் இத்திஷ் மொழி நாடக மேடையில் பெரிய நட்சத்திரம். கெர்ஷ்வின் வளர்ந்த அதே தெருக்கள், அதே ஆட்கள். 1924-ல் க்ரோஃபே எழுதிய பழைய ஜாஸ் பேண்ட் வடிவத்தைத் தூசி தட்டி எடுத்தார் தாமஸ். பியானோவுக்கு யாரையும் கூப்பிடவில்லை. 1925-ல் கெர்ஷ்வின் வாசித்துத் துளையிட்ட பியானோ ரோல் இருந்தது, தானியங்கிப் பியானோவில் மாட்டினால் தானே வாசிக்கும் காகிதச் சுருள். அதில் ஆர்கெஸ்ட்ரா பகுதியையும் அவரே சேர்த்து வாசித்திருந்தார். ஆர்கெஸ்ட்ரா பகுதிக்கான அந்தத் துளைகளை ஒட்டி மூடிவிட்டு, தனிப் பியானோவை மட்டும் ஓடவிட்டார்கள். 1924 அரங்கேற்றத்தின்போது ஸ்கோரில் பியானோ தனியாக வரும் ஒரு பக்கம் காலியாக இருந்ததாம். எழுதி முடிக்க நேரமில்லை, மேடையிலேயே வாசித்துக்கொள்வதாக ஏற்பாடு. வைட்மனுக்கு அங்கே இருந்த குறிப்பு, தலையசைக்கும்வரை காத்திரு என்பது மட்டும். 1976-ல் தலையசைக்க ஆள் இல்லை. ரோல் தன்பாட்டுக்கு ஓடுகிறது, யாருக்காகவும் நிற்காது. கண்டக்டரும் பேண்டும் மூச்சு வாங்க அதன் பின்னால் ஓடுகிறார்கள். இரண்டு மூன்று இடங்களில் பிடிக்க முடியாமல் தடுமாறுவதுகூடக் கேட்கும்.